ஏழாம் பீரியட்

வெள்ளிக்கிழமை ஏழாம் பீரியட்டை
பி.டி. சாரிடம் கடன் வாங்குவேன்.
திருப்பிக் கொடுத்ததாக வரலாறு இல்லை.
அவரும் கேட்டதில்லை.
விசிலைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு
வாலிபால் வலையின் கிழிசலை
நைலான் கயிற்றால் முடிந்துகொண்டிருப்பார்.

பாளையங்கோட்டையில் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை.
எங்கள் பள்ளியின் மூன்று சுவர்களுக்கு அப்பாலும்
யாராவது பட்டம் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள்.
நாலாவது சுவருக்கு அப்பால் பெட்ரோல் பங்க்.
வாசல் பலகையில் தேர்ச்சி விகிதம்:
தொண்ணூற்றொன்று புள்ளி நாலு.
"அந்தப் புள்ளி நாலு உங்களால்தான்" என்பார்
தலைமையாசிரியை, பாராட்டாகத்தான்.
கோப்பைகளுக்குப் பலகை கிடையாது.
வேதியியல் ஆய்வகத்தில்
மயில்துத்தத்துக்குப் பக்கத்தில்
தூசி குடித்துக்கொண்டிருக்கின்றன.

பதினொன்று பி பிரிவில் முப்பிடாதி.
முதல் இடைத்தேர்வில் கணக்குக்கு இருபத்தெட்டு.
தொட்ட நாலு கணக்கிலும் படிகள் சரி.
கடைசி வரியில் விடையை எழுதாமலே
அடுத்த கணக்குக்குப் போயிருப்பாள்.
"விடை எங்கட்டி?"
"அதான் வந்துட்டுல்லா டீச்சர்,
இனி எழுத வேற செய்யணுமாக்கும்?"

குறுவட்டப் போட்டிக்கு ஆள் போதவில்லை.
நேரம் பார்க்க என்னைக் கூப்பிட்டார்கள்.
கணக்கு டீச்சர் என்றால்
நொடியைச் சிந்தாமல் பிடிப்பாள் என்று
யாரோ நம்பியிருக்கிறார்கள்.

இரவல் வாங்கிய கல்லூரி மைதானம்.
குற்றாலத்துச் சாரலில்
எங்கள் ஊர்ப் பங்கு காற்று மட்டும்தான்.
அது சுண்ணாம்புக் கோடுகளைக் கலைத்துக்கொண்டிருந்தது.

எண்ணூறு மீட்டர்.
இரண்டு மரக்கட்டைகளை அறைந்தார்கள்.
அமுக்கினேன்.

முதல் சுற்றில் அவள் ஐந்தாவது.
சீருடைப் பேன்ட்டைக் கெண்டைக்கால்வரை சுருட்டி,
வெறுங்காலோடு,
முன்னால் போகிற ஸ்பைக்ஸ் கிளப்பிய மண்ணைத்
தின்றுகொண்டே வந்தாள்.
கடைசி வளைவில்
நான் எந்தப் பீரியட்டிலும் சொல்லித்தராத ஒரு கோணத்தில்
உடம்பு உள்பக்கமாகச் சாய்ந்தது.
நாலாவது.
மூன்றாவது.
அப்புறம் எண்கள் இல்லை.
அவளும் கயிறும்தான்.

நான் கத்தினேனாம்.
"விடாதட்டீ" என்று
மைதானத்துக்கே கேட்டதாம்.
பி.டி. சார் பிறகு சொன்னார்,
வேறெங்கோ பார்த்தபடி.

அதற்கப்புறம்தான் கையைப் பார்த்தேன்.
கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.
மூன்று நிமிடம் ஐம்பது.
ஐம்பத்தொன்று.
ஐம்பத்திரண்டு.

சான்றிதழில் முதலிடம் என்று எழுதினார்கள்.
நேரம் என்று அச்சிட்ட இடத்தில் ஒரு சிறு கோடு.
மாவட்டத்துக்குப் போக இடம் போதும், நேரம் வேண்டாம் என்று
ஒருவர் ஆறுதல் சொன்னார்.
அவர் கடிகாரம் சரியாக நின்றிருந்தது,
இரண்டாவதாக வந்தவளுக்கு.

திங்கட்கிழமை, பாதிக் கணக்கில்,
முப்பிடாதி எழுந்தாள்.
"எத்தன நிமிசம் டீச்சர்?"

கடைசி பெஞ்சில் ஜெபக்கனி
சிரிக்கத் தயாராக வாயைப் பொத்திக்கொண்டாள்.
சாக்பீஸைத் துடைத்தேன்.
சாக்பீஸை யாராவது துடைப்பார்களா?

"விடை எழுதலட்டி" என்றேன்.

கொஞ்சம் யோசித்தாள்.
"படி எல்லாம் சரியா இருந்துச்சா?"
"இருந்துச்சு."
"அப்பம் பாதி மார்க் போடலாம்"
என்று உட்கார்ந்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை.
முக்கோணவியலில் இன்னும் இரண்டு பயிற்சி பாக்கி.
என்னைப் பார்த்ததும் பி.டி. சார்
வழக்கம்போல விசிலைப் பைக்குள் போட்டார்.
"எடுங்க சார்" என்றேன்.
நம்பவில்லை. கயிற்றை முடிந்துகொண்டே இருந்தார்.

எங்கள் மைதானம் ஒரு சுற்று நூற்றெழுபது மீட்டர்,
அடிபம்பைச் சுற்றிப் போனால்.
எண்ணூறுக்கு எத்தனை சுற்று என்று
பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டேன்.

தாள் இல்லை, பேனா இல்லை.
குனிந்து பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள்:
"நாலே முக்காலுக்குக் கொஞ்சம் கம்மி.
வேப்பமரத்துக்கு ரெண்டு எட்டு முந்தி
நிக்கணும் நீங்க."

போய் நின்றேன்,
கட்டைவிரலை இப்போதே
பொத்தான்மேல் வைத்துக்கொண்டு.