முப்பத்தைந்தில் ஒன்று

பாயான் பாரு, பதினான்காவது மாடி.
மூன்று நாளாய் மழை.
இந்த ஈரத்தில் தெளித்தால் பச்சை
பால்பூத்து வெளுத்துவிடும்.
மின்விசிறிக்கு முன்னால் டாங்கி
வெறும் அடிப்பூச்சோடு,
குளித்துவிட்டுத் துண்டு தேடுகிறவன் போல.

ஆலையில் நாள் முழுக்க
நுண்ணோக்கியில் சில்லு பார்க்கிறவள்,
வீட்டுக்கு வந்தும் இடுக்கியா என்கிறான் லோகன்.
அங்கே அடுத்தவர் பிழைக்குச் சம்பளம்.
இங்கே பிழை என் சொந்தம்.

இடப்பக்கச் சங்கிலிக்குக் கண்ணி தொண்ணூற்றாறு.
கையில் இருப்பது தொண்ணூற்றைந்து.
சோபாவைப் புரட்டினேன்,
குப்பைமுறத்தைக் கிளறினேன்,
லோகனின் காலுறைகூடப் பார்த்தாயிற்று.
போகட்டும்.
எதிர்வீட்டு அசிசாவின்
கறிவேப்பிலைத் தொட்டி மண்ணைச்
சலித்து வைத்திருக்கிறேன்.
அந்த இடத்தில் சேறு.

பெட்டியில் வந்த தளபதிக்கு
இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லை.
கோபுரத்துக்குள் எவன் எட்டிப் பார்ப்பான் என்று
வார்த்தவன் கணக்கு.
மூடியை ஒட்டியிருக்கலாம்.
தீக்குச்சி சீவி இரண்டு கால் வைத்தேன்,
முழங்கால் மடிப்போடு.
இனி அவன் இறங்கலாம்,
விரும்பினால்.

இரண்டே முக்காலுக்கு மழை விட்டது.
கம்ப்ரசரைத் தட்டினேன்;
வீடே உறுமியது.
முதல் பூச்சு முன்பக்கத்தைத் தாண்டி
கோபுரம் வரை ஏறியிருக்கும்,
கீழ்வீட்டுக்காரர் துடைப்பக் கட்டையால்
எங்கள் தரையை இடித்தார்.
இரண்டு இடி.
கொஞ்சம் பொறுத்து இன்னொன்று.

நிறுத்திவிட்டேன்.
பாதிப் பச்சையில் நிற்கிறது டாங்கி.
மூடி திறந்தே இருக்கிறது.