எந்தச் சிவப்பு

"மேட்சிங் துணி எங்கே?" என்றார் துளசிராம்.
சேவல் இறகையும் தூண்டில் முள்ளையும்
கண்ணாடி மேல் வைத்தேன்.
ரவிக்கைத் துணியோடு நின்றவர்கள்
கொஞ்சம் விலகினார்கள்.

நைலான் வழுக்கும்.
பட்டு, வார்னிஷ் பட்டால் கறுத்துவிடும்.
பாலியஸ்டரைப் பல்லில் கடித்து
விண்ணென்று இழுத்துப் பார்த்தேன்.
"காசு குடுத்துட்டுக் கடிங்க."

விளக்குத்தூண் வெயில் படியேறியிருந்தது.
பெட்டிக்குள் பதினோரு சிவப்பு.
எனக்கு வேண்டியது
போன ஐப்பசியில் வண்டியூர்க் கண்மாயில் பார்த்தது:
பாசியோரம் உலைபோல் கொதித்த குஞ்சுக்கூட்டம்,
அதற்கடியில்
அசையாமல் தாய் விரால்.
பசிக்கு அல்ல அது பாய்வது.

ஆறாவதை எடுத்தேன்.
"பிள்ளைக்குப் பாவாடையா?
நல்ல கலர்" என்றாள்
பக்கத்தில் நின்றவள்.

ஆமாம் என்று
தலை ஆடிவிட்டது.