பள்ளத்துக்கு ஓடு

கொஸ்லந்தைக்குக் கீழே, பதினோராம் நம்பர் மலையில்
நாலாவது நிரையில் நான்.
ஐந்தாவதில் பவுனம்மா.
பனி இன்னும் கலையவில்லை.

மணியோசை முன்னே வரும் என்பார்கள்.
அப்படியொன்றும் வரவில்லை.
கொய்யா மரம் ஒரு தரம் முறிந்தது,
அவ்வளவுதான்.
பனிக்குள் கறுப்பாக ஒரு சுவர்.
அதற்குக் காது.

"பள்ளத்துக்கு ஓடு!" என்று கத்தினேன்.
"முன்னங்கால் குட்டை, அதால இறங்க ஏலாது!"
யார் சொன்னது எனக்கு?
தெரியாது.
உப்புக் கரிக்கும் என்று தெரிவதுபோல
அதுவும் தெரிந்திருந்தது.

ஓடினாள்.
கூடை முதுகில் குதிக்க
படங்குச்சாக்கு தேயிலைத் தூரில் கிழிய
மூன்று கான் தாண்டிப்
பீலிக்கரையில் போய் விழுந்தாள்.
பல் ஒன்று போனது. உயிர் இருந்தது.

அன்று அந்தி மடுவத்தில்
என் கொழுந்தில் இரண்டு கிலோ கழிக்க
கணக்கப்பிள்ளை மறந்துபோனார்.
அப்படி ஒரு பெயர் எனக்கு.

பிறகு ஆளாளுக்கு ஒரு யானையைக் கொண்டுவந்தார்கள்.
சன்னாசிக் கங்காணியின் யானை
பதினேழு வருசமாகப் பகை வைத்திருப்பது.
அவர் எறிந்த வெடியின் வாசனையைத்
துதிக்கையில் முடிந்து வைத்திருப்பது.
ஆரியமாலாவின் யானை
"பிள்ளையாரே" என்று குட்டிக்கொண்டால்
காதை ஆட்டிவிட்டுத் திரும்பிப் போவது.
(அவள் கொழுந்தன் குட்டிக்கொண்டேதான் செத்தான்.
அதை யாரும் எடுக்கவில்லை.)
நிரோஷனின் யானைக்கு எறும்பென்றால் நடுக்கம்.
கடைக்காரரின் மகன்
கண்டியில் யானை வயிற்றுக்குக் கீழே புகுந்து வந்தவன்,
இனி ஆயுசுக்கும் பயமே வராதாம்.
இருட்டினால் ஒண்ணுக்குப் போக
தங்கச்சியைத் துணைக்குக் கூப்பிடுகிறான்.

நான் சொல்லாமல் வைத்திருந்தது ஒன்று.
பவுனம்மா ஓடியபோது நான் ஓடவில்லை.
கால் வரவில்லை.
ஆகவே பார்த்தேன்.
அது துரத்தவே இல்லை.
அவள் போன திசைக்குத் தலையைக்கூடத் திருப்பவில்லை.
முறிந்த கிளையை மிதித்துக்கொண்டு
காயை ஒதுக்கி, பழத்தை எடுத்து,
ஒவ்வொன்றாக
அவசரமே இல்லாமல் தின்றது.
இரண்டு பொம்பளைகள், ஒரு கத்தல்.
அதற்கு அது ஏதோ காற்று.

ஒன்பதாம் நாள் விடிய
தண்ணீருக்குப் போனேன்.
பீலிக்கரைப் பலாவில் ஒரு காயும் இல்லை.
மேலே பார்த்தால் மலை நெடுக ஒரு தடம்:
முன்னங்காலை ஊன்றி ஊன்றி
பின்னங்காலை மடக்கி
மழைக்குப் பிள்ளைகள் சாக்கில் சறுக்குவார்களே,
அப்படி
பவுனம்மா ஓடிய அதே வழியில்
நேரே இறங்கியிருந்தது.
யானைக்கும் அடி சறுக்கும் என்பது சரி.
இது சறுக்கத் தெரிந்து சறுக்கியது.

வனஜீவராசி ஒப்பீஸிலிருந்து விமலசூரிய மாத்தயா வந்து
நாடா பிடித்து அளந்தார்.
"ஏறுற எடம் எல்லாம் எறங்கும் நங்கி" என்றார்
அரைத் தமிழில்.
ஜீப் வளைவு திரும்பியதும்
சன்னாசி வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார்:
"அது வேற யானை."

இன்று காலைப் பெரட்டில்
புதிதாகப் பேர் பதிந்த பிள்ளைக்குப்
பவுனம்மா சொல்லிக்கொடுக்கிறாள்.
பல் போன இடத்தில் காற்றுச் சீறுகிறது.
"கண்டா பள்ளத்துக்கு ஓடு.
இந்தா நிக்கிறாளே, இவ சொல்லித்தான்
நான் உசிரோட நிக்கிறேன்."

"இல்லடி, அது இறங்கும்" என்றேன்.
சிரித்தார்கள், அடக்கம் என்று நினைத்து.
அந்தப் பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை.
"அப்ப எந்தப் பக்கம் ஓடுறது?" என்றது.

என் வாயில் ஒன்றும் இல்லை.

ராத்திரி
உப்புப் போத்தலைச் சுவரோரத்திலிருந்து எடுத்து
காம்பராவின் நடுவில் வைக்கிறேன்.
சுவருக்கு வெளியே உப்பு மணக்கக் கூடாதாம்.

இதுவும் யாரோ சொன்னதுதான்.