வயது முப்பத்தொன்று

தால்காவானோ, 1976. ஊரடங்கு பத்து மணிக்கு.
அதற்குள் ஏழாம் பக்கம் அச்சேற வேண்டும்.

லைனோடைப்பின் ஈயக் கொப்பரை
என் முழங்காலருகே கொதிக்கிறது.
டாக்டர் உர்சுவா சொன்னதை வரி வரியாக வார்க்கிறேன்:
நோயாளி. அரிய நிகழ்வு. வெற்றிகரமான திருத்தியமைப்பு.
எத்தனை தையல், எத்தனை மணி நேரம், எத்தனை சென்டிமீட்டர்.

எங்கள் மொழியில் சொல்லின் வாலில் ஓ வந்தால் ஆண்,
ஆ வந்தால் பெண்.
நிருபன் பாராவுக்குப் பாரா மாற்றி மாற்றி எழுதியிருந்தான்.
ஆசிரியரோ பெயருக்கு இருபுறமும்
மேற்கோள் குறி போடச் சொன்னார்,
செத்த எலியை இடுக்கியால் தூக்குவதுபோல்:
«ஒந்தினா».

தணிக்கை லெப்டினென்ட் ஒருமுறை படித்தான்.
படங்களை இரண்டுமுறை பார்த்தான்.
அறிவியல் என்றான், நாடு முன்னேறுகிறது என்றான்.
முத்திரை விழுந்தது.

அதே மாலை முன்கூடத்தில்
ஓர் அம்மாள் விளம்பரத்துக்குக் காசு எண்ணிக்கொண்டிருந்தார்:
மகன் பெயர், பச்சை ஸ்வெட்டர், இடது புருவத்தில் தழும்பு,
கடைசியாகப் பார்த்தது மீன் ஆலை வாசலில்.
அப்படி ஓர் ஆளே இல்லை என்று
சில்லறையைத் திருப்பித் தள்ளினார்கள்.
ஓர் உடம்பை அங்குலம் அங்குலமாக அளந்த பத்திரிகையில்
அவனுக்கு இரண்டு வரி இல்லை.
நானும் வாய் திறக்கவில்லை. எனக்கு மூன்று பிள்ளைகள்.

ஒன்பதாம் நாள் ஒந்தினாவே வந்தாள்.
தவிட்டு நிறக் கோட்டு, மழையில் ஊறிய காலணி,
கையில் நான்காய் மடித்த ஏழாம் பக்கம்.
தட்டச்சுச் சத்தம் நின்றுவிட்டது.
அழுவாள், வழக்குப் போடுவாள் என்று காத்திருந்தோம்.
"முப்பத்துநாலு என்று போட்டிருக்கிறீர்கள்," என்றாள்.
"எனக்கு முப்பத்தொன்று."

யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.
பிறப்புச் சான்றிதழைக் காட்டு என்றார் ஆசிரியர்.
"அதில் இருப்பது வேறு பெயர். வயதை மட்டும்
நான் வைத்துக்கொண்டேன்."

மணி ஒன்பதரை. போட்டுத் தொலை என்றார்.
குறிகளைப் பற்றி எதுவும் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.
ஒந்தினா ரிக்கெல்மேயின் வயது முப்பத்தொன்று.
தவறுக்கு வருந்துகிறோம்.
எண்தானே என்று லெப்டினென்ட் முத்திரை குத்தினான்.

சூடான ஈயத்தில் அந்த வரி
வலமிருந்து இடமாகக் கிடந்தது.
ஆறும் முன்பே தொட்டேன், விரல் பொத்துப்போயிற்று.
பத்தியின் அடியில்
இன்னும் இரண்டு வரிக்கு இடம் மிஞ்சியிருந்தது.
சமையல் எண்ணெய் விளம்பரம் வைத்து அடைத்தேன்.