மே/பா

மூன்று தங்கச்சிமாருக்கு வீடு கட்டினேன்.
களுதாவளையில் ஒன்று, குருக்கள்மடத்தில் ஒன்று,
கடைசியாளுக்கு ஆரையம்பதியில்,
மேல்மாடிக்குக் கம்பி நீட்டி விட்டு.
எங்கட பக்கம் வீடு பெண்ணுக்கு.
ஆண் ஒரு கதவால் வெளிக்கிட்டு
கலியாணம் கட்டி இன்னொரு கதவால் உள்ளே போவான்.
எனக்கு அந்த இரண்டாவது கதவு
பதினொரு வருடம் திறந்திருந்தது.
பிறகு அவள் பூட்டினாள்.
காரணம் இருவரிடமும் உண்டு.

தங்கச்சி வீடுகளில் இடம் இல்லாமலில்லை.
"இன்னும் ரெண்டு நாள் நில்லுங்களன் மச்சான்"
என்று சொல்லும்போது
அந்த ரெண்டு மட்டும் சத்தமாகக் கேட்கும்.

தொழில் டைல் பதிப்பது. கட்டாரிலும் அதுதான்.
நிலத்தைக் கண்டால் விரல் தானாகத் தட்டும்.
சீமெந்து பிடித்திருந்தால் ஒரு சத்தம்,
உள்ளே காற்று நின்றால் வேறு சத்தம்.
மட்டக்களப்பு பஸ் நிலையத்தில் படுத்த
முதல் இரவும் தட்டினேன்.
மூன்றாம் வாங்குக்குக் கீழே
நாலு டைல் வெறும் கோது.

விதானை நல்ல மனிசன்.
"இடாப்பில பேர் இரிக்கிற பிரிவுக்குப் போங்க" என்றார்.
அந்தப் பிரிவு விதானையும் நல்ல மனிசன்.
"நீங்க இப்ப இங்க இல்லையே" என்றார்.
பிரதேச செயலகத்தில் கிருபாஜினி என்றொரு பிள்ளை
படிவத்தில் பென்சிலால் இரண்டு புள்ளடி போட்டது:
நிரந்தர முகவரி.
தற்காலிக முகவரி.
"ரெண்டில ஒண்டாவது நிரப்புங்க அண்ணன்."
மூன்றாம் வாங்கு என்று போடலாமா
என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை.
அவளுக்குப் பின்னால் இன்னும் முப்பது கோப்பு.

பஸ் நிலைய மலசலகூட வாசலில்
சில்லறைத் தட்டோடு லூர்தா அந்திராதோ.
டச்பார் பறங்கிப் பெண். தலைக்கு இருபது ரூபா.
ஐந்து காலையும் நான் சவரம் எடுப்பதைப் பார்த்திருக்கிறாள்.
ஆறாம் நாள் காசைத் திருப்பித் தள்ளினாள்.
"படியில டைல் ஒண்டு ஆடுது.
நேத்து ஒரு புள்ளத்தாச்சி விழப் பாத்தது.
நீ படுக்க முந்தி தட்டித் தட்டிப் பாக்கிறாய்,
தொழில்காரனாத்தான் இரிப்பாய்."

சீமெந்து ஒரு பேணி எங்கிருந்தோ வந்தது.
பதித்தேன். காயும்வரை யாரும் மிதிக்காமல்
இருவரும் படிக்குக் காவல் இருந்தோம்.
அப்போதுதான் படிவத்தின் கதையைச் சொன்னேன்,
மற்றக் கதையை இல்லை.
"பேனையை எடு" என்றாள்.
சொல்லச் சொல்ல எழுதினேன்:
மே/பா லூ. அந்திராதோ.
மே/பா என்றால் மேற்பார்வை.
கட்டாரில் மேற்பார்வையாளன் என்றால்
வெயிலில் நிற்பவனை நிழலில் நின்று ஏசுபவன்.
அதே சொல் இப்படியும்
ஒரு பேருக்குப் பக்கத்தில் உட்காருமா?

உறவுமுறை என்றொரு கோடும் இருந்தது.
அவள் கொஞ்சம் யோசித்தாள்.
"தெரிஞ்ச ஆள் எண்டு போடு. பொய்யில்லையே."

பதினேழாம் நாள் கடிதம்.
சில்லறைத் தட்டுக்குக் கீழே வைத்திருந்தாள்,
ஓரம் நனைந்திருந்தது.
விண்ணப்பம் கிடைத்தது.
தற்போது வசிக்கும் இடத்தைப் பார்வையிட
உத்தியோகத்தர் வருவார்.
திகதி போடவில்லை.

நான் பயந்தேன். அவள் சிரித்தாள்.
"வரட்டும். பின்னுக்கு மனிசன்ட தச்சுப்பட்டறை
மூணு வருசமாச் சும்மா கிடக்கு.
மழை துவங்க முந்தி மரச்சீவலை அள்ளிப்போடு.
வாடகை பிறகு பேசுவம். பேசாமல் விடமாட்டன்."

பின்னேரம் போய்க் கூட்டினேன்.
ஒரு கடகம் நிறையச் சுருள், துருப்பிடித்த உளி,
முடியாத கதிரைக் கால் ஒன்று.
இருட்டியதும் சாக்கை விரித்துப் படுத்தேன்.
பழக்கத்தில் கை கீழே போனது.

மண் நிலம்.
தட்டிப் பார்க்க ஒன்றுமில்லை.