பொருள் எண் 412

தட்டாதெருச் சந்திக்குக் கிட்ட
சலூனுக்கு மேல்மாடியில் இருந்துகொண்டு
வாளும் கேடயமும் வழங்குகிறேன்.

பெரிய நிரல் இல்லை.
மூன்று கட்டம்: ஆருக்கு, என்ன, எத்தனை.
பிறகு ஒரு பொத்தான்: கொடு.

முதல்நாள் சோதிக்கவென்று
யூட்டின் கள்ளனுக்குத்
தொளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது சோடி சப்பாத்துக் கொடுத்தேன்.
பாரம் தாங்காமல் தொங்குபாலத்தின் நடுவில்
நின்றவன் நின்றபடி.
"மச்சான், கழட்டிவிடடா" என்று போனில் கத்தினான்.
அப்போதுதான் தெரிந்தது,
கொடுக்க எழுதியவன்
எடுக்க எழுதவில்லை என்று.
பாரம் பார்க்கிற வரியை அணைத்துவிட்டேன்.
அத்தனை சப்பாத்தோடும் ஓடினான்.

இங்கே எல்லாரும் மேசைக்கு முன்னால் நின்ற ஆக்கள்.
சங்கக்கடை அட்டை, முகாம் அட்டை,
பிறகு பெற்றோலுக்கு
அந்தக் கறுப்புவெள்ளைக் கட்டம்.
மேசைக்கு மற்றப் பக்கத்துக் கதிரை
எப்படி இருக்கும் என்று எனக்கொரு ஆசை.
மறைக்கமாட்டேன்.
சில்லுக் கதிரை. ஒரு சில்லு இல்லை.

தர்மினியின் மந்திரக்காரிக்கு நெருப்புக்கோல்.
கில்டன் கேட்டது பறக்கிற ஆடு.
அதுவும் கொடுத்தேன்.
கேட்டதெல்லாம் கிடைத்த கிழமை
குகைப்பூதம் மூன்றே அடியில் செத்தது.
அடுத்தநாள் ஒருத்தரும் வரவில்லை.
பூதத்தைத் திருப்பி எழுப்பினேன்.
வாசலில் நின்று மூச்சு விட்டது, திரும்பவும் விட்டது.
ஆளில்லாத நேரத்துக்கு
அதற்கு எழுதியிருந்தது அவ்வளவுதான்.

ஜெனிற்றா மட்டும் ஒன்றும் கேட்டதில்லை.
பகல் முழுக்க வங்கிக் கண்ணாடிக்குப் பின்னால்
மற்றவர் காசு எண்ணுகிறவள்.
ஒரு இரவு எழுதினாள்:
குடை இருக்கா? கம்பி ஒண்டு முறிஞ்சது.

பட்டியலில் நானூற்றுப் பதினொரு பொருள்.
குடை இல்லை.
அந்த உலகத்தில் மழையே இல்லை.
ஏன் என்றேன்.
சும்மா, என்றாள்.

சேர்த்தேன். எண் 412.
எடை: ஒன்று. விலை: சுழியம்.
பயன் என்ற கட்டத்தை வெறுமையாய் விட
நிரல் பிழை என்றது.
ஒரு இடைவெளி தட்டி ஏய்த்தேன்.

குடை போய்ச் சேர்ந்த கையோடு அடுத்த கேள்வி:
இதை நான் இன்னொராளுக்குக் குடுக்கலாமே?

ஏலாது.
கொடுக்கிற கை ஒன்று என்றுதான் கட்டியிருந்தேன்.
கரண்ட் நின்ற இரவு,
மடிக்கணினியில் இருபத்தொரு வீதம் மிச்சம்,
யன்னலுக்கு வெளியே கார்த்திகை மழை.
ஆளுக்கு ஆள் வழி எழுதினேன்.
ஒருவரிடம் குறையாமல்
மற்றவரிடம் கூடக்கூடாது.
எடுக்கிற வரி அதற்குள் தானாக வந்தது.
பதினொரு வீதத்தில் ஏற்றிவிட்டுப் படுத்தேன்.

காலையில் பதிவேடு:

01.52 ஜெனிற்றா, யூட்டுக்கு: குடை, 1
01.58 யூட், தர்மினிக்கு: குடை, 1
02.07 தர்மினி, கில்டனுக்கு: குடை, 1
02.08 கில்டன், தர்மினிக்கு: குடை, 1
02.08 தர்மினி, கில்டனுக்கு: குடை, 1
02.40 யூட், பூதத்துக்கு: சப்பாத்து, 998

பூதம் வாங்கும் என்று நான் எழுதவே இல்லை.

வாளை ஒருத்தரும் தொடவில்லை.
நெருப்புக்கோல் கிடந்த இடத்தில் கிடந்தது.
குடை மட்டும் கை மாறிக்கொண்டே
விடியப்பறம் ஜெனிற்றாவிடம் திரும்பி,

04.31 ஜெனிற்றா, பவநீதனுக்கு: குடை, 1

பவநீதன் என் பெயர்.
அப்படி ஒரு பாத்திரம் விளையாட்டில் இல்லை.
தேடிப் பார்த்தேன். இருந்தது.
இராத்திரி உண்டாக்கியிருக்கிறார்கள்.
முதலாம் படி. தொழில் தெரியாது. வெறுங்கால்.
குகை வாசலில்,
தொளாயிரத்துச் சொச்சம் சப்பாத்து வைத்திருக்கிற
பூதத்துக்குப் பக்கத்தில் நிற்கிறான்.

ஏற்பதா, மறுப்பதா என்று திரை கேட்கிறது.
அந்தக் கேள்வியும் நான் எழுதியதுதான்.
கீழே சலூன்காரர் தகரக்கதவைத் தூக்குகிறார்.
இல்லாத சில்லின் பக்கம்
கதிரை சரிகிறது.