ஆறு கதவு, ஒரு மணி

வழுக்கையாறு.
வருடத்தில் பத்து மாதம் மாடு போகிற தடம்.
மாரி பிறந்தால் கந்தரோடையில் பெய்தது
சண்டிலிப்பாய் தாண்டி, நவாலி தாண்டி
அராலியில் என் காலடிக்கு வந்து நிற்கும்.
இந்தப் பக்கம் நெல். அந்தப் பக்கம் கடல்நீர்.
நடுவில் ஆறு இரும்புக் கதவு.
ஆறு என்று சொன்னால்
எண்ணா நீரா என்று வெளியூர்க்காரன் கேட்பான்.
எனக்கு இரண்டும் ஒன்றுதான்,
இரண்டுக்கும் ஒரே சாவி.

தை முடிகிற கிழமை, எதிர்பாராத மழை.
கதிர் முற்றித் தலை சாய்த்து நிற்கிற நேரம்.
இரவு ஒன்பது மணிக்குக் கந்தோரிலிருந்து போன்:
ஆறையும் திற, ஒரு மணித்தியாலம் விட்டுப் பூட்டு.
பொறியியலாளர் நிரோஜினியின் குரல்,
இடையிடையே இடி.

டோர்ச் அடித்துப் பார்த்தேன்.
கடல்பக்கச் சேற்றில் நெடுங்கால் உள்ளான்கள்
நூறு இருக்கும், இருநூறும் இருக்கலாம்.
ஒற்றைக் காலில் நித்திரை.
எங்கிருந்தோ பறந்து வந்து
இந்தக் கணுக்கால் ஆழத்தை நம்பி இறங்கினவை.
ஆறையும் திறந்தால் சேறு தாழும், பூச்சி புழு அள்ளுப்படும்,
விடியும்போது அவற்றுக்குக் கால் இருக்கும்,
நிற்க இடம் இராது.

மழைக்கோட்டுக்குள் நின்று கணக்குப் பார்த்தேன்.
ஆறு கதவு, ஒரு மணி.
ஒரு கதவு, ஆறு மணி.
தண்ணீர் அதே தண்ணீர்,
போகிற விதம்தான் வேறு.
கரையோரக் கதவின் சக்கரத்தைப் பிடித்தேன்.
கிறீஸ் போட்டது கார்த்திகையில்.
கை வழுக்கியது. முனகிக்கொண்டு ஏறியது.
மூன்று மணிவரை அதன் பக்கத்திலேயே
சாக்கு விரித்து இருந்தேன்.

காலையில் உள்ளான்கள் மேய்ந்தன.
சிவகடாட்சத்தாரின் பள்ளக்காணி மட்டும்
நெல்லோடு படுத்துக் கிடந்தது.
நாலு பரப்பு.
வரம்பில் நின்று என்னைப் பார்த்தார்,
ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

செபமாலை ஏசினான்.
களங்கட்டிக்குள் கையை விட்டு
வெறுங்கையை எனக்குக் காட்டினான்:
“வெள்ளம் பாய்ஞ்சால்தான் இறால் ஓடும்.
நீ பால் வார்க்கிற மாதிரி வார்த்தால்
அது ஏன் ஓடும்?”
அதற்கு என்னிடம் கணக்கு இல்லை.

கந்தோரில் விளக்கம் கேட்டார்கள்.
பதிவேட்டில் திகதி உண்டு, நீர்மட்டம் உண்டு,
திறந்த கதவு, பூட்டிய நேரம் உண்டு.
உள்ளானுக்குக் கட்டம் இல்லை.
குறிப்பு என்ற ஒடுங்கின இடத்தில்
“கால்: எட்டு அங்குலம்” என்று எழுதியிருந்தேன்.
“யாருடைய கால்?” என்று
சிவப்பு மையில் கேட்டிருந்தார் நிரோஜினி.

பிறகு ஒருநாள் அவரே சப்பாத்தைக் கழற்றிவிட்டு
சேற்றில் இறங்கி அளந்தார்.
ஏழரை, என்றார்.
கடல்பக்கத் தூணில் அந்த மட்டத்துக்கு
சிவப்புப் பெயின்றால் ஒரு கோடு இழுத்தேன்.
இதற்கு மேலும் கீழும் அவசரம் கூடாது
என்பது எங்களுக்குள் பேச்சு.
கடிதத்தில் இல்லை.

பங்குனியில் ஆறு போய்விட்டது.
மாடுகள் திரும்பி வந்தன.
இல்லாத தண்ணீருக்குப் பூட்டியிருக்கிற கதவுகளுக்கு
எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன்.
சிவகடாட்சத்தார் சைக்கிளை வரம்பில் சாத்திவிட்டு வந்தார்.
கையில் நீலப் பெயின்ற், ஒரு பழைய பிறஷ்.
என்னிடம் கேட்கவில்லை.
வயல்பக்கத் தூணில் குந்தியிருந்து
தன் பள்ளக்காணி வரம்பின் மட்டத்தைக்
கண்ணால் பிடித்து
நடுங்கி நடுங்கி ஒரு கோடு போட்டார்.
“இதுக்கு மேல ஏறினால்
நான் நித்திரை கொள்ளமாட்டன்” என்றார்.
போய்விட்டார்.

இப்போது தூணுக்கு ஒரு முகத்தில் சிவப்பு,
மறு முகத்தில் நீலம்.
செபமாலை இன்னும் வரவில்லை.
மஞ்சள் டின் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன்.
நடுவில் கொங்கிறீற்று, ஒரு முழத் தடிப்பு.
மாரி வந்தால்
அந்த ஒரு முழத்தில் நின்றுதான்
நான் சக்கரம் சுற்றவேண்டும்.